மக்கவாவின் வலது கை

சுவரொட்டி ஒட்டுவதற்கு மரவள்ளி மாவுப் பசைதான் நல்லது. கடைப் பசை ஏரிக்காற்றில் இரண்டே நாளில் உரிந்து வந்துவிடும். மாவைக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் பூசினால் அடுத்த மழைவரை அசையாது. இந்தக் காவல் நிலையத்துச் சுற்றுச்சுவரில் இருப்பதுகூட நான் ஒட்டியதுதான். வரும்போது பார்த்தேன், ஓரம்கூடக் கிளம்பவில்லை.

அந்தப் படத்தில் இரண்டு பேர் கைகுலுக்குகிறார்கள். ஒருவர் ஃபோஸ்டினோ மக்கவா, அன்று எங்கள் தொகுதி வேட்பாளர், இன்று எம்.பி. மற்றவர் ஒரு பெரிய நாட்டின் அதிபர். எந்த நாடு என்று எழுதிக்கொள்ள வேண்டாம் அய்யா, நம் அரசாங்கம் இன்னும் அவர்களிடம்தான் உரம் கேட்டுக்கொண்டிருக்கிறது. படத்துக்குக் கீழே ‘என் அண்ணன் எனக்குக் கொடுத்த வாக்கு’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். அந்த வரி என்னுடையது. மக்கவாவின் தேர்தல் வேலை முழுவதையும் பார்த்தவன் நான்தான்.

போன வருடம் வியாபாரிகள் குழு ஒன்று அந்த நாட்டுக்குப் போனது. மக்கவாவும் போனார். மொழிபெயர்க்க என் மச்சான் மாக்சனைக் கூட்டிப் போனார். மாக்சன் என் மனைவி எனெலேசியின் தம்பி. அந்த நாட்டில் ஆறு வருடம் விவசாயம் படித்தவன். எங்கள் பக்கம் அந்த மொழி தெரிந்த ஒரே ஆள். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பொறுப்பேற்று நின்றவனும் அவன்தான். எனக்கும் எனெலேசிக்கும் சண்டை வந்தால் அவன் வந்து நடுவில் உட்காருவான், பெரும்பாலும் என் பக்கம்தான் பேசுவான்.

ஒரு மண்டபத்தில் இருநூறு பேர் வரிசையில் நின்று அதிபரிடம் கைகொடுத்தார்கள். மக்கவாவின் முறை வந்தபோது அதிபர் ஏதோ சொன்னார். படமும் எடுத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

திரும்பி வந்ததும் மக்கவா படத்தை என் முன்னால் வைத்தார். “வைசன், இத வச்சு என்ன பண்ணலாம்?” என்று கேட்டார். எங்கள் கரைக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். விடிகாலையில் பிடிக்கிற சம்போ மீன் மதியத்துக்குள் நாற ஆரம்பித்துவிடும். தலைநகர் லிலாங்வேயிலிருந்து லாரி கொண்டு வருகிறவன் சொல்வதுதான் விலை. ஆகவே அதிபர் சொன்னது என்ன என்பதை நான் எழுதிக் கொடுத்தேன்: ‘தம்பி, நீ ஜெயித்து வா, உன் கரையில் ஐஸ் பேக்டரி கட்டித் தருகிறேன்.’ முதல் கூட்டத்தில் மக்கவா அதைச் சொன்னபோது மீன் புகைபோடும் பெண்கள் அழுதார்கள். நல்லது செய்கிறோம் என்ற நிறைவு எனக்கு வந்தது. அது இன்றுவரை போகவில்லை.

மாக்சன் வாயைத் திறக்கவில்லை. அக்காள் புருஷனின் பிழைப்பு என்று விட்டிருப்பான்.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எதிர்க்கட்சிக்காரர்கள், பேக்டரிக்கு இடம் எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். கரையில் பதினோரு குடிசைகள் இருந்த இடம் தோதாக இருந்தது. காலி செய்யச் சொன்னோம், மறுத்தார்கள். எங்கள் கட்சிப் பையன்கள் தீ வைத்தார்கள். நான் சொல்லித்தான் வைத்தார்கள். வலை பின்னுகிற கிழவர் ஒருவர் வலையை எடுக்க உள்ளே போனது எனக்கு முதலில் தெரியாது. தெரிந்த பிறகும் நான் தண்ணீர் கொண்டுவரச் சொல்லவில்லை. ஏரி பத்து அடி தூரத்தில் இருந்தது.

மறுநாள் காலையில் மாக்சன் வீட்டுக்கு வந்தான். எனெலேசி வயலுக்குப் போயிருந்தாள்.

“மச்சான், நேத்து அந்தத் தாத்தா எதுக்குச் செத்தார்னு தெரியுமா? அந்த ஆளு சொல்லவே சொல்லாத ஒரு வார்த்தைக்கு.”

அதுவரை நான் அவனிடம் கேட்டதில்லை. அப்போதுதான் கேட்டேன், அதிபர் என்னதான் சொன்னார் என்று.

“‘இவரைக் கையை விடச் சொல்லுங்க, பின்னாடி ஆள் நிக்குது.’ அதான் சொன்னாரு. நம்ம தலைவர் மூஞ்சியப் பாத்தேன், பாவமா இருந்துச்சு. ‘உங்கள வரவேற்கிறாரு’ன்னு மாத்திச் சொல்லிட்டேன். நான் பண்ண தப்பு அது ஒண்ணு.”

“சரி, அத இப்ப எதுக்குக் கிளறுற?”

“பதினோரு குடும்பம் மரத்தடியில கிடக்குது மச்சான். சந்தையன்னிக்கு மைக்க வாங்கி அந்த ஒரு வரியச் சொல்லிடப் போறேன். அப்புறம் யாருக்கு வேணா ஓட்டுப் போட்டுக்கட்டும்.”

“அக்காகிட்ட சொல்லிட்டியா?”

“இல்ல. உங்ககிட்டதான் மொதல்ல. நீங்க வேற யாரோ இல்லியே.”

நான் கோபப்படவில்லை. மக்காச்சோளக் களி மிச்சம் இருந்தது, இரண்டு பேரும் ஒரே தட்டில் கீரையோடு சாப்பிட்டோம். அவன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு கிழவருக்காக ஒரு கரையின் நம்பிக்கையையே உடைப்பதா என்பதையும் யாராவது யோசிக்க வேண்டும். யோசித்தது நான்.

சந்தை நாளில் அவனுக்கு முன்பே கரைக்குப் போய்விட்டேன். மூன்றே பேரிடம் பேசினேன். முதல் ஆள் டோரிகா, புகைபோடும் பெண்களின் தலைவி.

“அக்கா, ஐஸ் பேக்டரி வராது போலிருக்கு.”

“என்னய்யா சொல்ற?”

“அந்தக் கட்சிக்காரனுங்க தூண்டிவிட்டு ஒருத்தன் அதிபருக்கே கடிதாசி எழுதியிருக்கான். அவங்க பாஷையில. இங்க கட்டாதீங்கன்னு.”

யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. “போன வாரம்கூட எங்கிட்ட மீனு வாங்கித் தின்னுட்டுப் போனானே, நன்றிகெட்ட நாயி,” என்றாள். மற்ற இரண்டு பேர் படகுக்காரர்கள். அவர்களிடமும் இதே அளவுதான் சொன்னேன்.

மாக்சன் வந்து எங்கள் பிரச்சார மேடைப் பக்கம் நடந்தபோது முதல் கல் அவன் காதில் பட்டது. அவன் திரும்பி, சிரிக்கப் பார்த்தான். பிறகு துடுப்புகள் வந்தன. பெண்கள் மக்கவாவின் படம் போட்ட சிட்டெஞ்சே துணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு விறகுக் கட்டைகளோடு வந்தார்கள். தலைவரின் முகத்தில் ரத்தம் தெறித்ததைப் பார்த்தேன், துணியில் இருந்த முகத்தைச் சொல்கிறேன். மாக்சன் முழங்காலில் விழுந்தபோது கூட்டத்தில் என்னைக் கண்டுகொண்டான்.

“மச்சான், இவங்ககிட்ட சொல்லுங்க!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். அதை மறைக்க விரும்பவில்லை. நான் சொன்னது வேறு: “ஆமா, இவன் என் மச்சான்தான். அதனாலதான் எனக்கே தெரிய வந்துச்சு.”

அதற்குப் பிறகு அவன் யாரையும் கூப்பிடவில்லை.

கால் மணி நேரத்தில் கரை காலியாகிவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் ஜனங்களுக்கு வீட்டு வேலை ஞாபகம் வந்துவிடும். ஊர் கூடி அடித்துக் கொன்றது என்று உங்கள் ஆட்களும் எழுதி முடித்தார்கள். நுரையீரலில் ஏரித் தண்ணீர் எப்படி வந்தது என்று நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள். மரியாதையாகக் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

அவன் சாகவில்லை. தாடை உடைந்திருந்தது, ஒரு கண் மூடியிருந்தது, ஆனால் மூச்சு சீராக இருந்தது. தோளில் தூக்கிக்கொண்டேன். கனமானவன் இல்லை.

“ஆஸ்பத்திரிக்கா மச்சான்?” என்றான். பேச்சு குழறியது.

“ஆமா.”

“அக்காகிட்ட சொல்லிடாதீங்க. பயந்துக்குவா.”

“சொல்லல,” என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றினேன்.

ஆஸ்பத்திரி மேட்டில் இருக்கிறது. நான் நாணல் பக்கம் இறங்கினேன். முழங்காலளவுத் தண்ணீர். முகத்தைக் கழுவிவிடுகிறேன் என்றேன், கழுவியும் விட்டேன். பிறகு பிடரியைப் பிடித்து அமுக்கினேன். நினைத்ததைவிட நேரம் ஆனது. அவன் கை என் சட்டையைப் பற்றியிருந்தது. எல்லாம் அடங்கிய பிறகு ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். மாக்சனைக் கொன்றது ஊர் இல்லை அய்யா, நான்தான். மக்கவாவுக்கு இது தெரியாது. அவர் கேட்கவும் இல்லை. பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இதில் எனெலேசியைச் சேர்க்காதீர்கள். அடக்கத்தன்று அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அவன் ரொம்பக் கஷ்டப்பட்டானா என்று. இல்லை என்றேன். நம்பினாள். இருபது வருடமாக அவள் ஊரில், அவள் வீட்டில்தான் நான் இருக்கிறேன். அவளை எனக்குத் தெரியும்.

நேற்று அங்கே போய்வந்த கான்ஸ்டபிள், என் பெட்டியும் செருப்பும் சைக்கிளும் வாசலுக்கு வெளியே கிடப்பதாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் புருஷன் பெட்டியைப் பெண் வெளியே வைத்தால் கல்யாணம் முடிந்தது என்று அர்த்தம். நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர், அதனால்தான் அப்படிப் பார்க்கிறீர்கள். ஆனால் மழைக்கு முன்னால் தரைக்கு மண் பூசுகிற மாதம் இது. பூசியது காய்ந்ததும் எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்துவிடுவாள்.