சாயப் பாத்திரம் கழுவினவன்

அதில்ல அண்ணி, சாயப் பாத்திரம் சமையக்கட்டுப் பக்கம் வந்தா என்னமோ ஆகும்னு அப்பா ஒண்ணு சொல்வாரே... பாதி மறந்துபோச்சு. அதான் கேக்குறேன், அண்ணன் சாயத்துக்கு வாங்கின புதுப் பாத்திரத்துல நீங்க எதுவும் சமைக்கலையே? நல்லது. சாயத்துக்குன்னு ஆயிட்டா அது சாயத்துக்கு மட்டுந்தான்.

உள்ள வாங்க. யாரோ எவரோ மாதிரி வாசல்லயே நிக்கிறீங்க.

பாத்திரம் எவர்சில்வர்தானே? நூல் நெருக்கியடிக்காம புரள்ற அளவுக்கு வாய் அகலமா? சரி. வடிகட்டி? தராசு? சூடு பாக்குற கம்பி கூடவா? கடையையே தூக்கிட்டு வந்துட்டாரு போல. கையுறை வாங்கியிருக்க மாட்டாரே. சாயம் பட்ட கையை நாலு பேர் பாக்கணும் அவருக்கு.

நூலைக் காட்டுங்க. ஜன்னல் பக்கம்... ஐயோ பாவம். சிவப்பா இது? பழைய செங்கல் மாதிரி இருக்கு. ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா? இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைப் பாத்துக்கிறேன்னு அந்தத் துணிக்கடை அம்மா சொல்லிட்டாங்களாமே. கேள்விப்பட்டேன்.

அவர் அனுப்பலைன்னு சொல்லாதீங்க அண்ணி. நீங்களா வந்திருந்தா, பைக்கடியில நூலை இப்படி ஒளிச்சுக் கொண்டாந்திருக்க மாட்டீங்க. உங்க மேல எனக்கென்ன கோவம்? அன்னைக்கு அந்தம்மா வீட்டுக்கு வந்தப்ப நீங்களும் இருந்தீங்க. இந்தச் சிவப்பு யார் கைவேலைன்னு கேட்டாங்க. அண்ணன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாரு. அப்ப இவரு என்ன பண்றாருன்னு என்னைப் பாத்துக் கேட்டாங்க. தம்பி பாத்திரம் கழுவுவான்னாரு. சிரிச்சாரு வேற. நீங்க டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டீங்க. ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு நான் கேட்டதுக்குத்தானே, சாமானையெல்லாம் வச்சிக்கிட்டு என்னை மட்டும் வெளிய அனுப்பினாரு?

கழுவினேன், இல்லைங்கல. கழுவினதுனாலதான் இப்பச் சொல்ல முடியுது. புதுசா ஒண்ணும் வாங்காதீங்க. அவர் எதை வச்சுத் துழாவுறாரு? மூலையில சாஞ்சிருக்குமே, அந்த மரக்கழிங்கதானே? அதுல ஒண்ணு கறுப்புக்கு. கறுப்புல இரும்புத் தண்ணி கலப்போம். மரம் அதைக் குடிச்சு வச்சிருக்கும், எவ்வளவு தேச்சாலும் விடாது. அந்தக் கழியைச் சிவப்புல விட்டா, பாத்திரம் தங்கமாவே இருந்தாலும் நிறம் செத்துடும். அடுக்கி வச்சவனுக்குத்தான் எது எதுக்குன்னு தெரியும். அவருக்கு என்ன, கைக்கு எட்டினது கழி.

தாராளமாப் போய்ச் சொல்லுங்க. கழிங்க எல்லாத்தையும் புதுசா சீவி வச்சுக்கச் சொல்லுங்க.

என்ன அப்படிப் பாக்குறீங்க, இவ்வளவு லேசுல சொல்லிட்டானேன்னா? நான் சேத்து வச்சிருக்கிற சாமானைப் பாக்கணும்னு அந்தம்மா காலையில இங்க வந்தாங்க. நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியிலதான் உக்காந்திருந்தாங்க. அந்தச் சிவப்பு ஆர்டர் மொத்தத்தையும் இனி நானே பண்ணித் தர்றேன்னு சொல்லிட்டேன்.