மடியில் வந்த கல்யாண மண்டபம்

இணையதளம் என்றால் ஆகாயத்தில் எங்கோ மிதக்கிற சமாச்சாரம் என்றுதான் அன்று காலை வரை நம்பிக்கொண்டிருந்தேன். நெய்வேலியிலிருந்து பண்ருட்டி போகிற பேருந்து. முன் சீட்டில் ஒரு அக்காவும் தம்பியும். தம்பியின் மடியில் துண்டு போர்த்திய கம்ப்யூட்டர் பெட்டி.

"டேய், சாரல் அடிக்குது. கல்யாண மண்டபமெல்லாம் நனைஞ்சிடப் போவுது, இந்தப் பக்கம் வை."

"மண்டபம் புக் பண்ற சைட்டையே மடியில தூக்கிகினு போற ஆளு நானாத்தான் இருப்பேன்."

"டவுன்ஷிப்ல கரண்டே போவாது, குவார்ட்டர்ஸ்லயே வெச்சி ஓட்டலாம்னு சொன்னது யாரு?"

"அப்பா ரிடயர் ஆனா குவார்ட்டர்ஸ காலி பண்ணணும்னு தோணலக்கா."

எங்கள் பக்கத்தில் மண்டபம் பதிய இருப்பது அந்த ஒரே தளம்தான். என் மகள் கல்யாணத்துக்கும் அதில்தான் பதிந்திருந்தேன். செல்போனில் திறந்து பார்த்தேன், திறக்கவே இல்லை. வழியில் வந்த முத்தாண்டிக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் சம்பந்தி வீட்டாருக்குப் பந்தி போடுவதாக மனசுக்குள் இலையே விரித்துவிட்டேன்.

"பழைய புக்கிங் எதுவும் போயிடலையே?"

"நேத்தே எல்லாத்தையும் வாடகை சர்வர்ல ஏத்திட்டேன். இது வெறும் டப்பா. போன்ல பாரு, இப்பகூட குள்ளஞ்சாவடியிலேர்ந்து ஒருத்தரு புக் பண்ணியிருக்காரு."

"அப்புறம் எதுக்குடா கொழந்த மாதிரி புடிச்சிகினு வர்ற?"

"இத்தினி கல்யாணத்த நடத்தி வெச்சிருக்குக்கா. சும்மா தூக்கிப் போட்டுட முடியுமா?"

பண்ருட்டியில் இறங்கி ரீசார்ஜ் செய்தேன். மண்டபம் என் பெயரில் பத்திரமாக இருந்தது. என் நெட் பேக்தான் முந்தின நாளே முடிந்திருந்தது.