மேட்டின் மேல் நிற்கும் வண்டி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் தெரு நலச்சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் அவருக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருக்கும் புதிய பேரங்காடி முதலாளி அவர்களே, முன்வரிசையில் ஒரு நாற்காலியில் தானும் பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையுமாக உட்கார்ந்திருக்கும், மறைந்த வாத்தியாரின் மனைவியான எங்கள் அக்கா அவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தெருவாசிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். தூங்குவது போல நடிப்பவனையும் உண்மையாகவே தூங்குபவனையும் மூச்சை வைத்தே பிரித்துச் சொல்வேன். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவன். சம்பளம் நின்றுவிட்டது, சந்தேகம் நிற்கவில்லை. அதனால் இன்று என் பேச்சு கொஞ்சம் கோணலாகப் போகலாம். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மறைந்த நம் பிரேக் வாத்தியார் யார்? கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் ஸ்டியரிங் பிடித்தோம். அவர் வண்டியில் ஆசிரியர் பக்கம் ஒரே ஒரு பெடல்தான் உண்டு, அது பிரேக். ஸ்டியரிங் உங்கள் கையில், வேகம் உங்கள் காலில், நிறுத்துவது மட்டும் அவர் பொறுப்பு. அந்தக் கால் வாழ்நாள் முழுவதும் வேறு எதையும் மிதித்ததில்லை. அதனால்தான் பிரேக் வாத்தியார் என்று பெயர் வந்தது. பட்டம் யாரும் கொடுக்கவில்லை, தானாக ஒட்டிக்கொண்டது.

அப்படிப்பட்டவர் ஏன் இந்தத் தெருவில் வேகத்தடை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்? அதோ, மூன்றாவது வரிசையில் நம் தையற்காரர் இருக்கிறார். அவர் மனைவி ஒரு நாள் காலையில் குப்பைக் கூடையைக் கொட்ட வாசலுக்கு வந்தார். பெரிய சாலை சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாமல் நம் தெருவுக்குள் புகுந்து பறந்து வந்தது ஒரு கார். அந்தம்மா வீட்டுக்குள் திரும்பவே இல்லை. காரை ஓட்டியவன் யார்? வாத்தியாரிடம் படித்தவன். அன்று மாலை வாத்தியார் தையற்கடை வாசலில் வந்து நின்று சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் கேட்கிறது. "அவனுக்கு ஓட்டக் கத்துக் கொடுத்தது நான்தாங்க. இனிமே அவன் பக்கத்துல நான் உட்கார முடியாது. ரோட்டைத்தான் உட்கார வைக்கணும்."

ரோட்டை உட்கார வைப்பது லேசான காரியமா? நலச்சங்கக் கூட்டம் போட்டார். மேடு வேண்டுமா என்று கேட்டார், எல்லாக் கையும் மேலே போயிற்று. யார் வீட்டு வாசலில் என்று கேட்டார், எல்லாக் கையும் கீழே வந்துவிட்டது! சத்தம் வரும் என்றார் ஒருவர். தன் வீட்டு விலை இறங்கிவிடும் என்றார் இன்னொருவர். எல்லோருக்கும் மேடு வேண்டும், ஆனால் பக்கத்து வீட்டு வாசலில் வேண்டும். கடைசியில் முதல் மேட்டைத் தன் வீட்டு வாசலிலேயே போடச் சொன்னார். ஒவ்வொரு வண்டியும் தடக் தடக்கென்று ஏறி இறங்க, அக்கா தூக்கம் கெட்டு இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. அக்கா சிரிக்கிறார்கள், உண்மைதான் போலிருக்கிறது.

அந்த முதல் மேடு சரியான செங்குத்து மேடு. கார்களுக்கு அடிவயிறு உரசியது. ஆம்புலன்ஸ் வந்தால் என்ன ஆகும் என்று முதலில் கேட்டது யார் தெரியுமா? எதிர்த்தவர்கள் இல்லை, வாத்தியார்தான். தானே கேள்வி கேட்டு, தானே அலைந்து, உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டி, முதுகு வளைந்த மேடாக மாற்ற வைத்தார். மெதுவாக வருகிறவனுக்கு அது தாலாட்டு, பறந்து வருகிறவனுக்கு அறை. இன்று நம் தெருவில் இருக்கும் எல்லா மேடும் அந்த அளவுதான். அவை வந்தபின் இந்தத் தெருவில் ஒருவர் மேலாவது வண்டி மோதியதா? யாராவது கை தூக்குங்கள். இல்லையே!

இப்போதுதான் என் மூக்கு வியர்க்கும் இடத்துக்கு வருகிறேன். இந்த அரங்கு, இந்த நாற்காலிகள், கதவை விடப் பெரிதாக வைத்திருக்கும் இந்தப் படம், எல்லாம் பேரங்காடி முதலாளியின் ஏற்பாடு. நன்றி ஐயா. ஆனால் ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்கு ஏன் இந்த நேரத்தில் நினைவுக்கு வருகிறது? உங்கள் கடை திறக்கும் முன்பு ஒரு நாள் எங்கள் வாத்தியாரை வழிமறித்து, இந்த மேடெல்லாம் இல்லாவிட்டால் பெரிய சாலையிலிருந்து நேராகக் கடைக்கு வந்துவிடலாமே என்று கேட்டீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே என்ன சொன்னார்? "தாராளமா வரலாங்க. யார் மேல ஏறி வர்றதுன்னு மட்டும் முடிவு பண்ணிச் சொல்லிடுங்க."

அவர் போய் ஒரு வாரம் ஆகவில்லை. தெருவில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. "மேடு போட்டவரையே மேடு கொன்னுடுச்சு. ஆம்புலன்ஸ் ஏறி இறங்கி வர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சு." பால் வாங்கப் போனாலும் இதே பேச்சு, முடி வெட்டப் போனாலும் இதே பேச்சு. யார் சொன்னது என்று கேட்டால், எல்லோரும் சொல்கிறார்கள் என்று பதில். டிக்கெட் இல்லாமல் வருகிறவன் எல்லாம் இப்படித்தான், முன்னால் போகிறவரிடம் இருக்கிறது என்பான்.

நான் விடுவேனா? அன்று ஆம்புலன்ஸ் ஓட்டிய பெண்ணைத் தேடிப் போய்க் கேட்டேன். அந்தப் பொண்ணும் வாத்தியாரிடம் படித்தவள்தான். கடைசி வரிசையில் சீருடையோடு நிற்கிறாள், வேலை முடிந்து நேரே வந்திருக்கிறாள். மேடுகளைத் தாண்டியது தெரியவே இல்லை என்றாள். நின்றது எங்கே? தெருமுனையில், பேரங்காடிக்குச் சரக்கு இறக்கத் தெருவை அடைத்து நின்ற லாரிக்குப் பின்னால். நான் யாரையும் சொல்லவில்லை, லாரியைத்தான் சொல்கிறேன். லாரி மேலும் நான் பழி போட மாட்டேன். ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்பே, நாற்காலியில் சாய்ந்தபடியே வாத்தியார் போய்விட்டார் என்று அக்காவிடம் டாக்டரே சொல்லிவிட்டார். அப்படியானால் மேடு எப்படிக் கொன்றது? செத்தவரைத் திரும்ப வந்தா கொன்றது?

இன்று தலைவர் ஒரு தீர்மானம் வாசிக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். நம் தெருவுக்கு வாத்தியார் பெயர் வைக்கிறார்களாம், அதற்காக வழவழவென்று புதுச் சாலை போடுகிறார்களாம். கேட்கக் காது குளிர்கிறது. வழவழவென்று போட்டால் மேடுகள் என்ன ஆகும்? தீர்மானத்தையே இன்னும் வாசிக்கவில்லை, நேற்றே ரோலர் தெருமுனையில் வந்து நிற்கிறதே, அது யாருக்கு இரங்கல் தெரிவிக்க வந்தது? வாத்தியாரின் பெயரை ரோட்டில் எழுதி, வாத்தியாரின் வேலையை ரோட்டோடு அழிப்பதற்கு அஞ்சலி என்றா பெயர்? என் நண்பரை அவர்கள் இரண்டாம் தடவை அடக்கம் செய்யப் பார்க்கிறார்கள்.

தலைவர் அவர்களே, கூட்டம் தொடங்கும் முன் நீங்கள் ஒலிபெருக்கியில் அறிவித்தீர்கள். தையற்கடை வாசல் மேட்டின் மேல் யாரோ ஒரு வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள், ரோலர் நகர முடியவில்லை, உரிமையாளர் உடனே எடுக்கவும் என்று. இரண்டு முறை அறிவித்தீர்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுந்திருப்பார்? அது வாத்தியாரின் பயிற்சி வண்டி.

யார் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்று நானும் சந்தேகப்பட்டேன். ஆம்புலன்ஸ் பெண்ணையே குறுக்கு விசாரணை செய்தேன். தையற்காரர்தான் என் தோளைத் தொட்டு, தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்த வாத்தியாரிடம் தேறாத மாணவி ஒரே ஒருவர் உண்டு, நம் அக்கா. முதல் கியரைத் தாண்டவே மாட்டார். வாத்தியார் கேலி செய்வார். "உலகமே இவளை மாதிரி ஓட்டினா நான் ஏங்க மேடு கேட்டு அலையுறேன்?" அந்த அக்கா இன்று காலையில், தனியாக, முதல் கியரிலேயே தெரு முழுக்க ஊர்ந்து வந்து, மேட்டின் உச்சியில் நிறுத்தி, பிரேக் போட்டு, இறங்கிப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். சாவி அந்தக் கைப்பையில் இருக்கிறது. வேண்டுமென்றால் முதலாளியே இறங்கி வந்து கேட்டுப் பார்க்கலாம்.

நண்பர்களே, மலர் வைப்பது எளிது, வைத்துவிட்டுப் போய்விடலாம். நாங்கள் சிலர் வேறு முடிவு எடுத்திருக்கிறோம். அந்த வண்டி அங்கேயே நிற்கும். இன்று இரவுக்குத் தையற்காரர் பொறுப்பு. அடுத்து ஆம்புலன்ஸ் பெண், அவளுக்கு அடுத்து யார் வருகிறீர்கள் என்று வெளியே போகும்போது அக்காவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

ரோலர் ஓட்டுபவரிடமும் தலைவர் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். விடிந்ததும் அவர் தாராளமாக வரட்டும். வாத்தியார் உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன், அந்த ஒற்றைப் பெடலில் கால் வைத்துக்கொண்டு.