டால்பின் சாப்பிடும் நேரம்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்தில், சாரல் அடித்ததால் ஷட்டர்களை இறக்கிவிட்டிருந்தார்கள். அதனால் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசியது தெளிவாகக் கேட்டது.

“இது டால்பின் சாப்பிடுத நேரமாம் மதினி. மாப்ள வீட்டுல பொண்ணு பாக்க வார அன்னைக்கு வர முடியாதுங்கா எம்மக.”

“அது சாப்பிட்டா இவளுக்கு என்னட்டி? இவளா பரிமாறுதா?”

“அதத்தான படிக்கா. கொல்லத்துல கரையில நின்னு, எத்தனை வருது, எங்கன மேயுதுன்னு எழுதுதா. நமக்குச் சாரல் கொண்டு வார காத்து, அங்கன கடல்ல மேல்தண்ணிய ஒதுக்கிருதாம். அடியில கெடக்க குளுந்த தண்ணி மேல வந்தா, சாளை மீன் கூட்டமா கரையோரம் வரும். அது பின்னாலயே டால்பினும் வரும். காத்து நின்னா எல்லாம் போயிருமாம்.”

“மாப்ள வீட்டுக்காரங்களும் சாரலுக்குத்தான வாராங்க. அருவியில குளிச்சிட்டு அப்படியே பொண்ணையும் பாத்துரலாம்னு.”

“ஆமா. ரெண்டு பேருக்கும் ஒரே சீசன்.”

மதினி அவர் பக்கம் திரும்பினார்.

“நல்ல எடம்ட்டி. கை விட்டுப் போயிரும்.”

“நேத்தே போன்ல சொல்லிட்டேன். அருவி நல்லா விழுது, வந்து குளிச்சிட்டு நம்ம வீட்டுல சாப்பிட்டுப் போங்க, பொண்ண ஐப்பசியில பாக்கலாம்னு.”

“என்ன சொன்னாங்க?”

“யோசிச்சுச் சொல்லுதோம்னாங்க.”

பேருந்து நின்றது. பெண்ணின் அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“யோசிக்கட்டும் மதினி. மீனு வேணும்னு டால்பினே கரைக்குத் தேடி வருதுல்லா.”