மாப்ள செஞ்சு குடுத்த எமர்ஜென்சி டிஸ்க்கு

...அத ஏன் சார் கேக்குறீங்க, கைய ரெண்டு பக்கமும் நீட்டுங்க, திரும்ப அளவெடுக்க எனக்கு மட்டும் ஆசையா? இருபத்திரெண்டு வருசமா இந்தக் கடையில துணி வெட்டுறேன். முன்னல்லாம் உங்க அளவ கண்ண மூடிக்கிட்டு சொல்லுவேன். இனிமே எல்லாத்தையும் கம்ப்யூட்டரு பாத்துக்கும்னு முதலாளியம்மா அளவு நோட்டயெல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டாங்க, நானும் நிம்மதியா மறந்துட்டேன். மார்பு... நாப்பத்திரெண்டு. மூச்ச விடுங்க சார். நீங்க இப்ப வயித்த உள்ள இழுத்தா, நாளைக்கு சட்டையும் சேந்து இழுக்குமா?

அந்தக் கம்ப்யூட்டரக் கொண்டாந்து வச்சது அவங்க மருமகன், நம்ம மாப்ள. மூக்காலயே பேசுவாரு. "மாஸ்டர், இதுல ஓடுறது லினக்ஸ்ஸு. பொட்டி பழசுதான், ஆனா சாகாது." சாகாதாம். சாகாததுக்கு எதுக்குய்யா அன்னைக்கே உக்காந்து ஒரு டிஸ்க்கு செஞ்சீரு? உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் சதுரம், காலி ஃப்ளாப்பி ஒண்ண சொருகி, என்னமோ தட்டினாரு, அது கர்ர்... கர்ர்ருனு பல்லக் கடிச்சுது. "மாஸ்டர், ஒரு நாள் கம்ப்யூட்டரு எந்திரிக்கலேன்னா இத சொருகி ஆன் பண்ணுங்க, எந்திரிச்சுடும். எமர்ஜென்சி பூட் டிஸ்க்கு. உசுரு மாதிரி வச்சுக்கங்க." ஒண்ணே ஒண்ணு. ரெண்டா செஞ்சா கை தேஞ்சா போயிடும்? எடது கைய எறக்குங்க.

நேத்து அது எந்திரிக்கல. டிஸ்க்க எடுத்து சொருகுறேன், போவேனாங்குது. அமுக்குனேன். கர்ருனு ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். எண்ணூறு பேரு கழுத்து, தோளு, இடுப்பு எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு சார். அம்மா என்னையே பாத்தாங்க. "நாளைக்கு மாப்ள வந்து பாக்கட்டும். யாரு கெடுத்தாங்களோ, அவங்க இந்தப் படி ஏறக்கூடாது"ன்னுட்டாங்க. நான் சொல்லிப்புட்டேன், டிஸ்க்கு செஞ்ச லட்சணம் அப்படின்னு.

என்னது, பாக்கெட்டா? போன தடவ சின்னதா போச்சு, பேனா மட்டுந்தான் நொழையுதா... ஆமா, எல்லாரும் அதான் சொல்றாங்க.

அது வந்து... கிட்ட வாங்க. பாக்கெட்டுத் துணிய ஒரு அட்டை மேல வச்சு, ஓரத்த மடிச்சு இஸ்திரி போடுவோம், மூலை கத்தியாட்டம் நிக்கும். நம்ம அட்டை நைஞ்சு போச்சு. மேசை டிராயரத் தொறந்தேன். கெட்டியா, சதுரமா, முதுகுல இரும்பு வட்டத்தோட... சும்மாதானே கெடந்துச்சு? சூடு லேசாத்தான் வச்சேன் சார். முப்பது சட்டைக்கு மேல இருக்காது.

சிரிக்காதீங்க. நீங்க போட்டிருக்கீங்களே, இதுவும் அதுல மடிச்சதுதான். குனிஞ்சு பாருங்க, பாக்கெட்டு நடுவுல பளபளன்னு ஒரு வட்டம் பதிஞ்சிருக்கா? மாப்ள ஒரு பார்வை பாத்தா போதும், என் கத்தரிக்கோல் பரண்லதான்.

முன்னாடி மூக்குச் சத்தம் கேக்குது... வந்துட்டாரு. ஒரே ஒரு உதவி சார். வாசல் தாண்டுற வரைக்கும் வலது கைய பாக்கெட்டு மேல வச்சுக்கிட்டே போங்க. கேட்டா நெஞ்சு எரிச்சல்னு சொல்லுங்க.

ஆங்... அப்படித்தான்... மெதுவா... அம்மாவத் தாண்டியாச்சு...

மாப்ள எதுக்கு கைய நீட்டுறாரு? வலது கையக் குடுக்காதீங்க சார். சார்...

குடுத்துட்டாரு.