பெருவிரலுக்குத் தெரிந்த பாஸ்வேர்டு

ரெண்டு ஆப்பையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஆரம்பிங்க ஆன்டின்னு பட்டுன்னு சொல்லிட்டீங்களே தம்பி. கிள்ளான்ல ரெண்டு போன் கடையிலயும் இதையேதான் சொன்னாங்க. இதக் கேக்கவா கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் வந்தேன்? நான் கோர்ட்ல இன்டர்பிரிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவ. ரெண்டு தரப்பையும் கேக்காம தீர்ப்பு சொன்னா எனக்குக் காது கூசும். ஆள் இல்லாத நேரம்தானே, கொஞ்சம் கேளுங்க.

மொதல்ல இந்தப் பாஸ்வேர்டு ஆப். இதுக்கு சாதகமா என்ன சொல்லலாம்? பேங்கு, இமெயில், கரண்டு பில்லு, எல்லாத்தோட பாஸ்வேர்டும் உள்ள பத்திரமா இருக்கு. எந்தத் திருடன் வந்தாலும் தொறக்க முடியாது. பாதகம் என்னன்னா, நானும் தொறக்க முடியாது. சிரிக்கிறீங்க. ஒன்னே ஒன்னு ஞாபகம் வச்சிக்கிட்டா போதும்மா, மத்ததெல்லாம் அது பாத்துக்கும்னு எம் மவன் விமலன் போட்டுக் கொடுத்தான். அந்த ஒன்னுக்கும் வேலையே வரல. பெருவிரல வச்சா தொறந்துக்கும். வருஷக்கணக்கா விரல்தான் தொறந்துச்சு. பழைய போனு மீன் கழுவற பேசின்ல விழுந்து செத்துப் போச்சு. இந்தப் புது போனு விரல ஒத்துக்க மாட்டேங்குது, அந்த ஒரே பாஸ்வேர்ட டைப் பண்ணுன்னு கேக்குது. விரலுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல.

எழுதி வைக்கலையாவா? எழுதி வச்சா அப்புறம் ஆப் எதுக்குடான்னு அவன்கிட்ட நாந்தான் வாதாடினேன். அன்னைக்கு அது ரொம்ப புத்திசாலித்தனமா இருந்துச்சு.

சரி, இந்த நடக்கற ஆப், எத்தன அடி நடந்தோம்னு எண்ணற ஆப். இதோட பாஸ்வேர்டும் அந்தப் பூட்டுக்குள்ளதான் மாட்டிக்கிச்சு, நான் கேக்கறது இத மட்டும்தான். பேங்கு பாஸ்வேர்டெல்லாம் நேர்ல போயி மாத்திட்டேன். இத மட்டும் எப்படியாவது பழையபடி தொறந்து கொடுங்க. ஆனா இதுக்கு எதிரா பேசுன்னா நாள் பூரா பேசுவேன். நடந்தா கை தட்டுது, உக்காந்தா எந்திரின்னு அதட்டுது. எங்க மாமியா போனதுக்கப்புறம் என்னை யாரும் அப்படி வேலை வாங்கல. ஒரு தைப்பூசத்துக்கு வெறுங்கால்ல நாள் முழுக்க நடந்தேன். போனு பக்கத்து வீட்டு ராஜினி பையில இருந்துச்சு. அன்னைக்கு நான் சோம்பேறியாம். காப்பாருக்கு பஸ்ல போனா, லோரி ஓடற ரோட்டுல பஸ்ஸு குலுங்குதுல்ல, அதையும் நடைன்னு எழுதிக்குது. பொய் சாட்சி தம்பி. எந்த ஜட்ஜும் ஏத்துக்க மாட்டாரு.

அப்ப எதுக்கு அதுவே வேணும்னு அடம் பிடிக்கிறீங்கன்னு கேட்டா, அது நியாயமான கேள்வி. புது அக்கவுண்டு ஓசிதான், தெரியும் லா. ஆனா அதுல பழைய ஆளுங்க இருக்க மாட்டாங்களே. ஆளுங்கன்னா ஒரே ஆளுதான். விமலன்.

இங்க இல்ல, ஆஸ்திரேலியாவுல பெர்த்துல இருக்கான். இங்க என்ன மணியோ அதேதான் அங்கயும், அது ஒரு சௌகரியம். நான் சாமி விளக்கு ஏத்தறப்ப அவன் நடக்கப் போவான். ஆப்ல அவன் பேருக்குப் பக்கத்துல நம்பர் ஏறிக்கிட்டே இருக்கும், நான் பாத்துக்கிட்டே இருப்பேன். ஒரு தடவ நாலஞ்சு நாள் ஒன்னும் ஏறல. காய்ச்சல்னு நெனச்சேன். அப்புறம் கொஞ்சூண்டு ஏறுச்சு. சரி, கஞ்சி குடிச்சு எந்திரிச்சிட்டான்னு வச்சிக்கிட்டேன்.

என்னது, பாஸ்வேர்டு மாத்த போனுக்குக் கோடு வருமா? இருங்க, அனுப்பாதீங்க. கடைசியில ரெண்டு நம்பர் காட்டுதே, அது என் நம்பர் இல்ல, அவனோடது. அவன் போட்டுக் கொடுத்தானா, அவன் நம்பரையே கொடுத்துட்டான். போன் பண்ணி கோட கேக்கலாம்தான். எடுக்க மாட்டான் தம்பி. மூணு வருஷமா எடுக்கல. வாட்ஸ்அப்ல பிளாக் பண்ணிட்டான், பேஸ்புக்லயும்தான்.

அவங்கப்பா தவறினது ஒரு வெள்ளிக்கிழமை காலையில. விட்டா சனி ஆயிடும், சனிப்பொணம் தனிப்போகாது, இன்னைக்கே எடுக்கணும்னு எங்க வீட்டுக்காரரோட அண்ணன் தம்புசாமி நின்னுட்டாரு. விமலனோட பிளேன் லேட்டு. தம்புசாமி மவன்தான் கொள்ளி வச்சான். இவன் பெட்டியோட மின்சுடலையில வந்து நின்னப்ப கதவு மூடியாச்சு. யாரு எடுக்கச் சொன்னதுன்னு கேட்டிருக்கான். உங்கம்மாதான்னு யாரோ சொல்லிட்டாங்க. என்னை யாரும் கேக்கவே இல்ல தம்பி. பொம்பளைங்க அங்க போகக்கூடாதுன்னு நான் வீட்ல உக்காந்திருந்தேன். ஊர்ல உள்ள கொலைகாரனுக்கெல்லாம் ஒரு வார்த்தை பெசகாம எடுத்துச் சொன்னவ நான். என் வாயில யாரோ வச்ச வார்த்தைய இல்லன்னு சொல்ல, அங்க நான் இல்ல. அவன் அப்படியே ஏர்ப்போர்ட்டுக்குத் திரும்பிட்டான். கருமாதிக்குக்கூட நிக்கல.

எல்லாத்துலயும் என்னை எடுத்தவன் இந்த ஆப்ல மட்டும் மறந்துட்டான். புதுசா போட்டா என்னைச் சேத்துக்கோன்னு நான் கேக்கணும், அவன் சரின்னு சொல்லணும். கோடு அவன் போனுக்குப் போச்சுன்னா, ஓகோ, இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்காங்களான்னு இதுலயும் எடுத்துடுவான். அதான் அனுப்பாதீங்கன்னேன்.

மறக்கல, வேணும்னே வச்சிருப்பான்னு சொல்றீங்க. நல்ல மனசு தம்பி உங்களுக்கு. நானும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருந்தேன். ஏன்னா நான் அவனப் பாக்கற மாதிரி அவனும் என்னைப் பாக்கலாம்ல அதுல.

பேசின்ல போனு விழுந்து ஒரு மாசம் ஆச்சு. ஒரு மாசமா அம்மா ஒரு அடிகூட எடுத்து வைக்கலன்னு அவனுக்குக் காட்டிக்கிட்டிருக்கும்.

இல்ல, நம்பர் மாத்தல, அவன்கிட்ட இருக்கற அதே நம்பர்தான். பழைய சிம்முதான் உள்ள இருக்கு. உங்க போன்லேருந்து இதுக்கு ஒரு தடவ அடிங்க தம்பி. மணி கேக்குதான்னு மட்டும் பாத்துட்டுப் போறேன்.