பாவாவின் மாத்திரை

தப்பு அந்த டாக்டர் மேல்தான். மாத்திரை எழுதிக் கொடுத்தவர் புரியும்படி சொல்லவில்லை. பள்ளிப்பட்டு பஸ்ஸில் என் முன்சீட்டில் அக்கா, தங்கை. தங்கைக்கு மலக்குடலில் கேன்சர் ஆபரேஷன் முடிந்து இன்றுதான் வீடு திரும்புகிறாள். அக்கா மாத்திரை அட்டையைப் பிடுங்கிப் பார்த்தாள்.

“ஏன்டி, இது என் வூட்டுக்காரரு, உங்க பாவா, மூத்திரத்துக்கு முழுங்கிகினு இருக்கற மாத்திரைடி! ஆம்பளைங்களுக்குத் தர்றது.”

“மூத்திரம் அடைச்சிக்காம இருக்கன்னு நர்சம்மா சொல்லிச்சேக்கா.”

“ஆபரேஷன் பண்ணது பின்னால. முன்னால ஏன் அடைக்கும்?”

“ரெண்டுத்துக்கும் நரம்பு பக்கத்துலயே போவுதாம்.”

“உனக்குதான் நல்லா போவுதே. வராத நோவுக்கு மருந்தா?”

“வரக்கூடாதுன்னுதான் குடுத்தாங்களாம். மூத்திர டியூபை இப்பதான் எடுத்தாங்க. மறுபடி மாட்டினா தாங்கமாட்டேன்க்கா.”

“ஆங், அப்ப முழுங்கு.”

“பாவா மாத்திரைன்னியே!”

“அப்ப முழுங்காத.”

தங்கை தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். குடிக்காமலே மூடினாள். “ஊர் வர்றதுக்குள்ள போடணும்க்கா. போடட்டுமா, வேணாமா?” என்று அழுதாள்.

பஸ்ஸில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. எழுதிக் கொடுத்த டாக்டரே, இந்த மாத்திரை பொம்பளைக்கும் உண்டா, இல்லையா? எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.